லூக்ரியில் வந்து உட்கார்ந்த மலை

மலைக்குக் கால் கிடையாது என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அக்கோராய் மாகாணத்தில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அங்கே மலைகளுக்குப் பெயர் உண்டு, ஆண் பெண் உண்டு, ஆகஸ்ட் மாதம் பிறந்தால் பசியெடுக்கும், பசியெடுத்தால் சாராயமும் கோக்கா இலையும் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும். பசியும் கோபமும் உள்ள ஒருத்திக்குக் கால் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? அதனால், மேகங்கள் காலுக்குக் கீழே கிடக்கும் அந்த உயரத்தில், மரம் என்று ஒன்று முளைக்காத, பேச்சைக் குறைத்து மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டிய அந்த மஞ்சள் புல்வெளியில், ஜூன் மாதத்து விடியல் ஒன்றில் சாய்ரபட்டா ஊர் கண்விழித்துக் கிழக்கே பார்த்தபோது, உலகம் உண்டான நாளிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்த சுமாய் என்னும் பனிமலை அங்கே இல்லை. மேற்கே திரும்பிப் பார்த்தபோது, யானமாயு ஆற்றுக்கு அக்கரையில், லூக்ரி ஊரின் உருளைக்கிழங்கு வயல்கள்மேல் பாவாடையைப் பரப்பிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் கத்தவில்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். "கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டா," என்றார். அவ்வளவுதான்.

போனவள் சாதாரணமாகப் போகவில்லை, தன் குளிரையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். சாய்ரபட்டாவில் ஜூன் குளிர்காலம், கிழங்கை உறையவைக்கும் மாதம்; சின்னக் கிழங்குகளை இராத்திரி வெட்டவெளியில் பரப்பிவைத்து, சுமாயின் மேலிருந்து இறங்கும் குளிரில் அவை கல்லாக உறைந்த பிறகு, காலையில் வெறுங்காலால் மிதித்துச் சாறெடுத்து, வெயிலில் காயவைத்தால் அது வருஷக்கணக்கில் கெடாது, பஞ்சத்தையும் தாண்டும். அந்த ஜூனில் கிழங்கு உறையவில்லை. பரப்பியது பரப்பியபடி அழுகி, ஊர் முழுக்க ஈரத்துணி நாற்றம் அடித்தது. பனி உருகி வரும் ஓடை வற்றியது, ஓடை வற்றியதால் கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்காக்கள் மேயும் சதுப்பு நிலம் வெடித்தது, குட்டிகள் பால் கிடைக்காமல் முட்டிபோட்டு உட்கார்ந்தன. சூரியன் காலையில் கூச்சமில்லாமல் சீக்கிரம் வந்தது. சாயங்காலமும் சீக்கிரம் வந்தது, ஏனென்றால் மலை இப்போது மேற்கில் இருந்தது. இத்தனை காலமாக சுமாயைப் பார்த்தபடி புதைக்கப்பட்ட செத்தவர்கள் வெறும் ஆகாயத்தைப் பார்த்துக் கிடந்தார்கள்; ஊர்க்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு போய்ச் சிலுவைகளையாவது மேற்குப் பக்கம் திருப்பி நட்டுவிட்டு வந்தார்கள்.

மாகாணத் தலைநகரிலிருந்து நில அளவை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். உயரம் தாங்காமல் இரண்டு தடவை வாந்தி எடுத்தார், கோக்கா டீ குடித்தார், வரைபடத்தை விரித்தார். சுமாய் மலை அரசாங்க வரைபடத்தில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கிறது என்றும், ஆகவே நகர்ந்திருப்பது ஊர்தான் என்றும், முன் அனுமதி இல்லாமல் ஊரை நகர்த்துவது குற்றம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அரசாங்கம் அந்த மாகாணத்தைப் பற்றிச் சொன்ன எதுவும் அதற்கு முன்பும் சரியாக இருந்ததில்லை.

அக்கரையில் லூக்ரிக்காரர்களுக்கும் சந்தோஷமில்லை. மலை வந்தது வரம் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் கிழங்கு வயல்மேல் ஒரு மலை உட்கார்ந்து பார்த்தால் தெரியும். மலையின் இடுப்பில் குடிசை போட்டிருந்த மேய்ப்பர் தம்பதி ஒன்று ஆடுகளோடும் கோழிகளோடும் கூடவே வந்துவிட்டது. எதையும் கவனிக்காத அவர்கள் வழக்கம்போல் உப்பு வாங்க இறங்கி, கடைக்காரர் மாறிவிட்டதைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். இதுவரை ஒரு புல்லுக்குக்கூட எல்லைத் தகராறு செய்த இரண்டு ஊர்களும், முதல் தடவையாக, ஒரே விஷயத்தை விரும்பின: மலை திரும்பிப் போக வேண்டும்.

அக்கோராயில் கோவித்துக்கொண்டு போன ஒருத்தியைத் திரும்ப அழைக்க ஒரு வழக்கம் இருக்கிறது. அதை வாசல் நிற்பது என்பார்கள். பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டால், புருஷன் வீட்டார், கல்யாணத்தை முன்நின்று நடத்திவைத்த ஞானத்தகப்பனை முன்னால் விட்டுக்கொண்டு, கோக்கா இலை மூட்டையும் சாராயமும் புல்லாங்குழலுமாகப் போய், கல் மதிலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். மதிலுக்கு உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா கேட்பாள்: "என்ன செஞ்சீங்க?" வெளியே நிற்பவர்கள் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: "ஒண்ணுமில்ல." நடந்ததை வாய்விட்டுச் சொன்னால் இரண்டு வீட்டுக்கும் அவமானம், அதனால் ஒன்றுமில்லை என்பதுதான் மரியாதை. மூன்று முறை கேட்பார்கள், மூன்று முறையும் அதே பதில். பிறகு அம்மா, "ஒண்ணுமில்லைன்னா சரி," என்று கதவைத் திறப்பாள், சாராயம் ஊற்றுவார்கள். இவ்வளவு நேரமும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்த பெண், கண் வீங்கியிருந்தாலும் பல் விழுந்திருந்தாலும், மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். அந்த ஒன்றுமில்லையைத் தாண்டி எத்தனை பெண்கள் வீடு திரும்பியிருப்பார்கள் என்று ஜீப்பில் வருகிற எந்த அதிகாரியும் கணக்கெடுத்ததில்லை.

சுமாய் பெண்மலை. அதனால் சாய்ரபட்டாக்காரர்கள் அவளிடமும் வாசல் நின்றார்கள்.

ஊர்த்தலைவர் குமெர்சிந்தோ, மரியாதைக்குத் தோன் குமெர்சிந்தோ, முன்னால் நடந்தார். ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு அவர்தான் ஞானத்தகப்பன், எனவே வாசல் நின்று பழகியவர். மலைக்கு அம்மா கிடையாது என்பதால், யாருடைய வயலின்மேல் அவள் உட்கார்ந்தாளோ அந்த வீட்டு எஜமானி, லூக்ரியின் தோன்யா ஃபவுஸ்தினா, அவள் சார்பில் கேட்பதாக ஏற்பாடு. ஃபவுஸ்தினா மலையடிவாரத்துப் பாறையில் ஏறி நின்று கேட்டாள்.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றார் குமெர்சிந்தோ, தொப்பியை நெஞ்சில் வைத்து, மிகுந்த மரியாதையோடு.

மலை எழுந்தது. சத்தமில்லாமல், உட்கார்ந்திருந்த பெண் வெயில் படுகிறதென்று சற்றுத் தள்ளி உட்காருவதுபோல, இன்னும் ஒரு வயல் தூரம் லூக்ரிக்குள் போய் உட்கார்ந்தது. இரண்டாம் முறை கேட்டார்கள், இரண்டாம் முறையும் ஒன்றுமில்லை. மலை ஒரு ஆட்டுப்பட்டியின்மேல் உட்கார்ந்தது, நல்லவேளையாக ஆடுகள் மேயப் போயிருந்தன. மூன்றாம் முறை கேட்க லூக்ரிக்காரர்கள் விடவில்லை.

"நிறுத்துங்கய்யா! இன்னொரு தடவ மரியாதையா பேசினீங்கன்னா பள்ளிக்கூடம் போயிடும்!"

ஒன்றுமில்லை என்பது பொய் என்று அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் யார்? போன வருஷ அறுவடை முடிந்ததும் ஒரு கம்பெனி ஆட்கள் சாய்ரபட்டாவுக்கு வந்து, சுமாயின் இடுப்பில் துளை போட்டு வெடி வைத்துப் பார்க்க அனுமதி கேட்டார்கள். பதிலுக்கு எல்லாக் கூரைக்கும் தகரம், கால்பந்து மைதானத்துக்கு விளக்கு. ஊர்ச்சபையில் வீட்டுக்கு ஒருவர் கை தூக்கினார்கள். வீட்டுக்கு ஒருவர் என்றால் ஆம்பிளை. பெண் உள்ளே உட்கார வேண்டுமென்றால் முதலில் அவள் புருஷன் சாக வேண்டும். எல்லாக் கையும் மேலே இருந்த அந்த நேரத்தில், கதவுக்கு வெளியே கம்பளி நூல் நூற்றுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி உள்ளே தலையை நீட்டி, "அவ இடுப்புல வெடி வெச்சா தண்ணி நமக்கா வரும்? தகரத்தையா குடிப்பீங்க?" என்று கேட்டாள். சபை சிரித்தது. "நாசாரியோ, உன் வீட்டுக்கு இப்ப ரெண்டு ஓட்டாடா?" என்று யாரோ கேட்டார்கள். நாசாரியோ தூக்கிய கையை இறக்காமல், அவனும் சிரித்தான். அன்று சாயங்காலம் வீட்டில், கிழங்கு தோண்டும் கால்கலப்பையின் பிடியால் அவன், சபையில் தலையை நீட்டிக் கேட்ட தன் மனைவி பாஸ்குவாலாவின் இடது கையை முழங்கைக்குக் கீழே உடைத்தான்.

வெடிச் சத்தம் கேட்ட மாதங்களில் பாஸ்குவாலா கட்டிய கையோடு அல்பாக்கா மேய்த்தாள், சமைத்தாள், கிழங்கு பரப்பினாள். கை கோணலாகக் கூடியது. கூடிய பிறகு, ஒரு ஜூன் மாதத்து நடுப்பகலில், எல்லாரும் பார்க்கத் தன் மூட்டையைச் சால்வையில் முடிந்து முதுகில் போட்டுக்கொண்டு, கயிற்றுப் பாலத்தைக் கடந்து லூக்ரியிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மாதான் தோன்யா ஃபவுஸ்தினா. மறுநாள் விடியலில் சுமாய் போனாள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஊர்ச்சபைகள் என்ன முடிவுக்கு வந்திருக்க வேண்டும்? உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. இரண்டு ஊர்ச் சபைகளும் ஆற்றங்கரையில் ஒன்றாக உட்கார்ந்து, கோக்கா மென்று, வேறு முடிவுக்கு வந்தன: மலை பாஸ்குவாலாவின் பின்னால் போயிருக்கிறது, மேய்க்கப் போன இடத்தில் அவள் அதோடு பேசிப் பேசிப் பழக்கப்படுத்தியிருக்கிறாள், ஆகையால் பாஸ்குவாலா திரும்பினால் மலையும் திரும்பும். வெடியைப் பற்றி யாரும் பேசவில்லை, கையைப் பற்றியும் பேசவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒத்துப்போகாத இரண்டு ஊர்கள் ஒரு பெண்ணை அனுப்பிவைப்பதில் மட்டும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போயின.

லூக்ரிக்காரர்கள் முதலில் அவளுடைய அப்பா தோன் மெலித்தோனை அனுப்பினார்கள். அவர் சமையலறை வாசலில் நின்று, தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மகளே, நம்ம வயல் பூரா மலைக்கடியில கெடக்கு."

"தெரியும்பா."

"பக்கத்து வீட்டுக்காரன் பட்டி போச்சு. நாளைக்குப் பள்ளிக்கூடம்ங்கிறாங்க."

"நானாப்பா அங்க உக்காந்திருக்கேன்?"

"உன் பின்னாலதான் வந்துச்சுன்னு சொல்றாங்க."

"வந்துச்சுன்னா ஏன் வந்துச்சுன்னு கேளுங்க. என்னக் கேக்காதீங்க, அதக் கேளுங்க."

மெலித்தோன் அவளுடைய கையைப் பார்த்தார். பார்க்காமல் இருக்கத்தான் அவ்வளவு நேரமும் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வாசல் நிக்க வராங்க," என்றார். "உங்கம்மா கேக்க வேண்டியதக் கேட்டுட்டுக் கதவத் திறந்துடுவா. ரெண்டு ஊரும் வந்து நிக்கும்போது என்னால ஒத்தையா மறிக்க முடியாது, மகளே." சொல்லிவிட்டு வெளியே போய்ச் எரிக்க அடுக்கிவைத்திருந்த சாணி வரட்டிகளின் பின்னால் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் வந்தார்கள். இரண்டு ஊரும் வந்தது, குழந்தைகள் வந்தார்கள், நாய்கள் வந்தன, உப்பு வாங்க இறங்கிய மேய்ப்பர் தம்பதியும் வந்தார்கள். கல் மதிலுக்கு வெளியே குமெர்சிந்தோ, அவர் பக்கத்தில் அவர் மனைவியும் பாஸ்குவாலாவின் கல்யாண ஞானத்தாயுமான தோன்யா ஹிலாரியா, ஒரு அடி பின்னால் சலவை செய்த போஞ்சோப் போர்வையைப் போட்டுக்கொண்டு நாசாரியோ. எல்லாருக்கும் பின்னால், பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம், கழுத்து நோக நிமிர்ந்து பார்த்தால்தான் உச்சி தெரியும் உயரத்தில், இடுப்பில் வெடி வைத்த கறுப்பு ஓட்டையோடு சுமாய். புல்லாங்குழல் ஊதினார்கள், நிறுத்தினார்கள். தோன்யா ஃபவுஸ்தினா கேட்க வாயெடுத்தாள்.

சமையலறையிலிருந்து பாஸ்குவாலா வெளியே வந்தாள். முதுகில் மூட்டை இருந்தது. வழக்கத்துக்கு முன்னாலேயே வருகிறாள், அவசரப்படுகிறாள் என்று கூட்டம் நினைத்தது. சிலர் சந்தோஷத்தில் சாராயப் போத்தலைத் திறந்துகூட விட்டார்கள். அவள் அம்மாவைத் தாண்டி மதில் கதவருகே போய் நின்றாள்.

"நானே கேக்கிறேன்மா," என்றாள். "பதில் சொன்னா வரலாமான்னு யோசிக்கிறேன்." பிறகு மதிலுக்கு வெளியே பார்த்து, "என்ன செஞ்சீங்க?"

அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியவள் கேட்டதில் குமெர்சிந்தோ திகைத்தார். ஆனால் பழக்கம் அவரைக் கைவிடவில்லை. "ஒண்ணுமில்ல, மகளே," என்றார்.

பின்னால் பூமி லேசாக உறுமியது. பள்ளிக்கூடத்து மைதானத்தின் கொடிக்கம்பம் சாய்ந்தது, கோல்போஸ்ட் ஒன்று பாறைக்கு அடியில் குச்சி முறிவதுபோல் முறிந்தது. குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"என்ன செஞ்சீங்க?"

"சொல்றாரு இல்ல, ஒண்ணுமில்லைன்னு!" என்று கத்தினார் யாரோ ஒருவர். பள்ளிக்கூடத்தின் பின்சுவர் விரிசல் விட்டது. லூக்ரி ஆண்கள் பாஸ்குவாலாவைப் பார்த்துக் கத்தினார்கள்: "கேக்காதடி! போய்த் தொல!" கதவின் தாழ்ப்பாளை மெலித்தோன் உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டார். திறக்கவா, திறக்காமல் இருக்கவா என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன செஞ்சீங்க?" மூன்றாம் முறை.

குமெர்சிந்தோ தொப்பியை நெஞ்சில் வைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் ஹிலாரியா அந்தத் தொப்பியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நான் கேட்டேன்," என்றாள். "பக்கத்து வீடு. எலும்பு முறியற சத்தம் சுவத்தத் தாண்டி வந்துச்சு. நான் ரேடியோவச் சத்தமா வெச்சேன்."

"ஹிலாரியா, வாய மூடு."

"மூடித்தான வெச்சிருந்தேன்! எங்கம்மா வாசல்லயும் இதே ஒண்ணுமில்லைதான் சொன்னீங்க, எனக்குக் காது கேக்காமப் போனப்ப. ஒண்ணுமில்லையா? இந்தப் பக்கம் வந்து பேசுங்க, கேக்குதான்னு பாப்போம்."

உறுமல் நின்றது. நின்றதை எல்லாரும் கவனித்தார்கள், கவனித்ததால்தான் பேச ஆரம்பித்தார்கள் என்று சொல்லி அவர்களுடைய பேச்சை நீங்கள் சிறுமைப்படுத்தலாம். நான் அதை மறுக்கப் போவதில்லை. பயத்தில் வந்தாலும் அது வந்தது. தகரத்துக்காகக் கை தூக்கினோம் என்றார் ஒருவர். வெடி வைத்த பையன்களுக்கு நான்தான் வழி காட்டினேன் என்றார் இன்னொருவர். நான் சிரிச்சேன், அன்னைக்கு சபையில ரெண்டு ஓட்டான்னு கேட்டது நான்தான் என்றார் மூன்றாமவர். மதிலின் இந்தப் பக்கத்திலிருந்து லூக்ரிப் பெண் ஒருத்தி, எங்க வீட்டு மருமகளுக்கு நாங்க செஞ்சத யார்கிட்ட சொல்றது என்று அழுதாள். உங்களுக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வாசல் என்றாள் ஹிலாரியா. வெயில் சாயும்வரை பேசினார்கள். அவ்வளவு நேரமும் மலை அசையவில்லை.

கடைசியில் பேசாமலிருந்தவன் நாசாரியோ ஒருவன்தான். இரண்டு ஊரும் அவனைப் பார்த்தது. அவன் போஞ்சோவின் விளிம்பை முறுக்கினான், தரையைப் பார்த்தான், பிறகு, இதைச் சொல்லியாக வேண்டும், நிமிர்ந்து அவளைப் பார்த்தே சொன்னான்.

"சபையில என்னப் பாத்துச் சிரிச்சாங்க. அவங்கள ஒண்ணும் செய்ய முடியல. வீட்டுக்கு வந்து உன் கைய உடைச்சேன். கலப்பப் பிடியால. நீ பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த."

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது, கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்ததும் எழுமே, அதுபோல. குமெர்சிந்தோ சாராயக் கிண்ணத்தை எடுத்தார். "சொல்லியாச்சு! கேட்டதுக்குப் பதில் வந்தாச்சு. கதவத் திற, மெலித்தோன். வா மகளே, போகலாம். நீ வந்தா அவளும் வருவா."

பாஸ்குவாலா முதுகிலிருந்த மூட்டையை இறக்கி, மதில்மேல் வைத்தாள்.

"யோசிச்சுட்டேன். நான் வரல," என்றாள்.

"இன்னும் என்னதான்டி வேணும் உனக்கு? அவன் வாயாலயே சொல்லிட்டானே!"

"சொல்லணும்னு கேட்டேன். சொன்னாரு, கேட்டுக்கிட்டேன். அதுக்கு வெலையா நான் வரணும்னா, அப்புறம் அவர் சொன்னதுக்கு என்ன மரியாதை?"

எல்லாரும் மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். பயத்தோடு பார்த்தார்கள், கொஞ்சம் ஆசையோடும். மலை முன்னால் வரவில்லை. பின்னால் போகவும் இல்லை. பள்ளிக்கூடத்தின் விரிசல் விட்ட சுவருக்கு ஒரு முழம் தள்ளி, உட்கார்ந்தபடி உட்கார்ந்திருந்தது. அதற்கும் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லப்பட்டுவிட்டது, ஆனால் திரும்பி வருகிறேன் என்று அது யாரிடமும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. மெலித்தோன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். கதவு மூடியே இருந்தது.

"அப்ப எங்க அல்பாக்காவுக்குத் தண்ணி?" என்றான் நாசாரியோ. கேட்ட குரலில் புருஷன் இல்லை. குட்டிகள் சாகிற ஒரு மேய்ப்பன் இருந்தான்.

பாஸ்குவாலா கோணலான கையை நீட்டி ஆற்றின் மேற்பக்கத்தைக் காட்டினாள். "அவ தண்ணி எங்க வயல் வழியா இறங்கி வீணா பள்ளத்துல விழுது. மேல் வளைவுல ஆறு மேடா ஓடும், அங்க அத ஆத்துல திருப்பிவிட்டா உங்க சதுப்புக்கு வாய்க்கால் எடுக்கலாம். எங்க பக்கம் நாங்க வெட்டறோம். உங்க பக்கம் நீங்க வெட்டுங்க."

"நாங்கன்னா யாரு?" என்று முறைத்தார் லூக்ரியின் பெரியவர் ஒருவர். "உனக்குப் புருஷன் அந்தப் பக்கம். இந்த ஊர்ல எந்த வீட்டுக் கணக்குல நீ வெட்டுவ?"

"என் வீட்டுக் கணக்குல."

"உனக்கு ஏது வீடு?"

தோன்யா ஃபவுஸ்தினா மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கேட்க வேண்டிய கேள்வியை அன்று மகள் கேட்டுவிட்டிருந்தாள். அவளிடம் வேறு கேள்வி எதுவும் இல்லை. "மலைக்கடியில இருக்கிற வயல் என்னுது," என்றாள். "மலைய ஏத்துக்கிட்டேன். மகளையா ஏத்துக்க மாட்டேன்?"

ஆகஸ்டில் வாய்க்கால் வெட்டினார்கள். இரண்டு கரையிலும் பறையும் குழலும் ஒலிக்க, வீட்டுக்கு ஒருவராக. லூக்ரியின் வரிசையில் பாஸ்குவாலா தன் பெயருக்கு நின்று, ஒரு கையால் அழுத்தி ஒரு கையால் தாங்கி, மற்றவர்களைவிட மெதுவாக, அவர்கள் அளவுக்கே வெட்டினாள். தண்ணீர் சாய்ரபட்டாவின் சதுப்பை எட்டிய மத்தியானம், எதிர்க்கரையில் சேற்றில் நின்றிருந்த நாசாரியோ தொப்பியைக் கழற்றினான். அவள் பார்த்தாள். கால்கலப்பையைத் தண்ணீரில் அலசித் தோளில் சாய்த்துக்கொண்டு, ஈரப் பாவாடையைப் பிழிந்து உதறிவிட்டு, மாலைக்குள் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்று கிளம்பினாள்.